சவுக்குத் தோப்பில் கரிமருந்து வாசம்

மழை விட்ட கார்த்திகையில் கொட்டிவாக்கத்துச் சவுக்குத் தோப்புக்கு ஒரு தனி வாசம் வந்துவிடும். ஈரச் சருகும், குப்பத்துப் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் கருவாடும், சில விடியல்களில் அதற்கும் மேலே தீபாவளி இன்னும் முடியாதது போன்ற கந்தக நெடியும். அந்த நெடி மூக்கில் ஏறிவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. நரிக்குறவர்கள் வந்து கூடாரம் போட்டுவிட்டார்கள்!

அவர்களில் ஒரு பெரியவரை நான் தாத்தா என்பேன். அரைக்கால் சட்டைப் பையனான என்னை அவர் "சாமி" என்பார். அவருடைய துப்பாக்கி என்னைவிட உயரம். கட்டை பிளந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். குழாய் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, நீளக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் சுருக்குப் பையிலிருந்து குட்டியூண்டு கேப்பு ஒன்றை எடுத்துக் குதிரைக்கு அடியில் பொருத்துவார். இத்தனையும் முடிவதற்குள் கழுவெளிக் கொக்கெல்லாம் பறந்துவிடுமே என்று எனக்குத் தவிப்பாக இருக்கும். "அவசரப்பட்டா மருந்து நம்ம மூஞ்சியிலதான் வெடிக்கும் சாமி" என்பார், கம்பியை நிறுத்தாமலே.

ராத்திரி ஆயா மடியில் படுத்துக்கொண்டு இந்தக் கதையை அளந்தால், திண்ணையிலிருந்து எங்கள் தாத்தாவின் குரல் வரும்: "வெள்ளைக்காரன் லைசென்சு இல்லாமலே வச்சிருந்தான்டா. நமக்குத்தான் லைசென்சு." ஆயா அவரை அதட்டிவிட்டு என் தலையைக் கோதுவாள்.

தாத்தா சொன்னதன் கனம் வளர்ந்து படித்தபோதுதான் உறைத்தது. 1801ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனி, பாளையங்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களையும் பறித்தது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான். 1878ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்குத் தந்தது. இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோரி 1887ல் நம்ம மதராஸில், பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானமே போட்டது. ஆனாலும் அந்த நிறபேதம் விலக முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

அந்தப் பெரியவர் கையிலிருந்தது, பட்டாளம் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே கைவிட்ட வகை. பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிகள் 1860களிலேயே பட்டாளத்துக்கு வந்துவிட்டன. வேகமான ஆயுதம் யாருக்கு, மெதுவானது யாருக்கு என்பதைச் சர்க்கார் தீர்மானித்த காலத்தின் மிச்சத்தைத்தான் நான் தோப்பில் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுதந்திர இந்தியாவின் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்திலும், பயிர்க் காவலுக்கு என்று குழாய் வாயில் மருந்து இடிக்கும் இந்தக் கெட்டிப்புத் துப்பாக்கிக்குத் தனி இடம் உண்டு.

1972ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொக்குக்கும் உள்ளானுக்கும் அது நல்லதுதான், மறுக்கமாட்டேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக வேட்டையே பிழைப்பாக இருந்தவர்களுக்கு என்ன வழி என்று யோசித்தவர் குறைவு. பாசிமணியும் ஊசியும் விற்கத் தெருத்தெருவாக அலைந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2023 வரை ஆனது. இந்தத் தாமதத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.