சம்ப்பைக் காலி செய்யச் சொன்னவன் நான்



காட்டுப்பாக்கத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நேற்று பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், தெருத்தண்ணி சம்ப்புக்குள்ள இறங்கிடுச்சு. மோட்டார் வச்சு மொத்தமா இறைச்சுக் கழுவிடலாமா?" என்றான். "தொடாதே, அப்படியே விடு" என்றேன். ஏன் என்று கேட்டான். அதற்கு 2015 டிசம்பருக்குப் போக வேண்டும்.

அந்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்று வடிந்தது. எதிர்வீட்டு நண்பரின் சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. பிசிக்ஸ் வாத்தியார் ஆயிற்றே என்று என்னிடம் யோசனை கேட்டார். "முழுசா இறைச்சுட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிடுங்க" என்றேன். மறுநாள் காலை சம்ப்பின் தரை நடுவில் புடைத்து, விரிசல் வழியே சேற்றுநீர் பொங்கிக்கொண்டிருந்தது. வந்து பார்த்த கொத்தனார், "மழைக்காலத்துல சம்ப்ப யாராவது காலி பண்ணுவாங்களா சார்?" என்றார், என்னைப் பார்த்தே.

28 வருடம் நான் நடத்திய பாடம் அது.

அந்த சம்ப் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். சுற்றியிருந்த மண் மேல்மட்டம் வரை ஊறியிருந்தது. நீரில் 2 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2 டன் எடைக்குச் சமமான அழுத்தம். சம்ப்பின் தரை 5 சதுர மீட்டர். ஆக, கீழிருந்து 10 டன் தள்ளுகிறது. ஆர்க்கிமிடிஸ் வழியில் போட்டாலும் அதேதான்: சம்ப் பிடித்திருக்கும் இடம் 10 கன மீட்டர், அவ்வளவு தண்ணீரின் எடை 10 டன். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தவரை அதுவும் ஏறக்குறைய அதே எடையோடு கீழே அழுத்திக்கொண்டிருந்தது. நான் இறைக்கச் சொன்னது அந்த எடையைத்தான்! தரை பலமாக இருந்திருந்தால் சம்ப்பே பெட்டிபோல மேலே கிளம்பியிருக்கலாம்.

"மண்ணுக்குள்ள ஏது சார் அவ்வளவு தண்ணி? வெறும் ஈரம்தானே?" என்றார் நண்பர். நானும் அங்கேதான் ஏமாந்தேன். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேனே, நினைவிருக்கிறதா? செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தால் 24 அடி. ஒரு வீட்டுக் கிணற்றிலும் 24 அடி தண்ணீர். எதன் அடியில் அழுத்தம் அதிகம்? வகுப்பே "ஏரி!" என்று கத்தும். இரண்டிலும் ஒன்றுதான். அழுத்தம் ஆழத்தைத்தான் பார்க்கும், தண்ணீர் எவ்வளவு என்று பார்க்காது. மணல் இடுக்குகளில் விட்டுப்போகாமல் தொடர்ந்து நிற்கும் நீரும் ஏரியைப் போலவே தள்ளும். கரும்பலகையில் ஏரியும் கிணறும் வரைந்த எனக்கு, எதிர்வீட்டு மண்ணில் அது தெரியவில்லை.

செலவில் பாதியைத் தருகிறேன் என்றேன். நண்பர் வாங்கவில்லை.

புதுவீடு கட்டியவர்கள் கவனியுங்கள். அழுக்குத் தண்ணீர் கலந்துவிட்டால் அதைப் புழங்காதீர்கள், ஆனால் இறைத்தும் விடாதீர்கள். பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் சம்ப்பின் தரைக்குக் கீழே இறங்கிய பிறகு இறைத்துக் கழுவலாம். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம், அதற்குச் சொந்த எடையே கிடையாது.

எங்கள் கிணற்றில் இன்று காலை தண்ணீர் 3 அடியில் நிற்கிறது. எதிர்வீட்டு சம்ப் நிரம்பித்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.