பெட்டிக்குள் இல்லாத விலை

நோன்புப் பெருநாளுக்கு முன்னர் எங்கள் வீட்டுக்கு ஒரு டிரில் மெஷின் வந்தது. ஜன்னல்களுக்குப் புதுத் திரை போடவேண்டும் என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை. “பாஸுக்குக் குடுக்குற கூலியோட இன்னும் கொஞ்சம் போட்டா மெஷினையே வாங்கலாமே” என்றார் வாப்பா. உம்மாவின் சீட்டுக் காசு கைமாறியது.

ஆனால் மெஷின் தனியாக எந்தச் சுவரையும் துளைப்பதில்லை. கொங்கிரீட்டுக்கு நுனியில் கார்பைட் பதித்த பிட் வேண்டும்; பலகைக்கு நடுவில் கூர்முனை உள்ள பிட்; இரும்புக்கு வேறொன்று. 6 மில்லிமீற்றர் ரோல் பிளக் என்றால் பிட்டும் 6 மில்லிமீற்றர், அதற்கேற்ற இஸ்குரூப்பு. மெஷினில் சதுர முள் பிளக், எங்கள் பழைய சுவரிலோ வட்டத் துளைச் சொக்கட். எனவே ஓர் அடெப்டர். வயர் எட்டாததால் எக்ஸ்டென்ஷன். கண்ணில் தூசு விழாதிருக்கக் கண்ணாடி. மூன்று தடவை ஹாட்வெயர் கடைக்குப் போய்வந்த பற்றுச்சீட்டுகளை உம்மா கூட்டிப் பார்த்தார். மெஷின் விலையில் பாதியைத் தாண்டியிருந்தது. திரைத் துணி பெருநாளுக்குப் பிறகு என்றானது.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுகளை மடித்து மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

இச்செலவுகளில் இரண்டு வகை உண்டு. அடெப்டரும் கண்ணாடியும் ஒருமுறைச் செலவு. பிட் தேயும், ரோல் பிளக் தீரும்; அவை மெஷின் உள்ளவரை தொடரும். பெட்டரியில் ஓடும் மெஷின் என்றால் இன்னொரு கட்டு. பொதுவாக ஒரு கம்பெனியின் பெட்டரி மற்றக் கம்பெனியின் மெஷினில் பொருந்தாது. முதலில் வாங்கியதே அடுத்து வாங்குவதையும் தீர்மானித்துவிடும்.

இத்தனையும் வருடத்தில் சில துளைகளுக்காக. எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று வீடுகளில் இதே மெஷின், இதே பிட்டுகளுடன், அலுமாரிக்குள் உறங்குகிறது.

அல்குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்துக்கு ‘அல்மாஊன்’ என்று பெயர். கோடரி, சட்டி, வாளி போன்று மக்கள் தமக்குள் இரவல் கொடுக்கும் பொருட்களே மாஊன் என இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் விளக்கியதாகத் தப்ஸீர்களில் வருகிறது. அவற்றைத் தர மறுப்போரை அந்த அத்தியாயம் கண்டிக்கிறது. இன்று அந்த வாளியின் இடத்தில் டிரில் மெஷின் இருக்கிறது.

இரவலில் மனத்தாங்கல் வருவதும் தேயும் பொருளால்தான். ஆகவே எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம்: மெஷினும் வயரும் எவர் கேட்டாலும் கிடைக்கும், பிட்டும் பிளக்கும் கேட்பவர் கொண்டுவர வேண்டும். இதை வகுத்தவர் உம்மா.