மழைக்கு மட்டும் பிருகன்னளையா?

தர்மபுரி மாவட்டம் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்ப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. மழை பொய்த்துவிட்டால் ஊர் கூடிப் பேசும். திரௌபதி அம்மன் கோயில் முன்பு பாரதக் கூத்து வைக்கலாம் என்று முடிவாகும். அதிலும் விராட பருவத்தைப் படித்தாலும் ஆடினாலும் மழை வரும் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய நம்பிக்கை.

அந்த விராட பருவத்தின் கதாநாயகன் யார் என்று சற்றே யோசித்துப் பார்க்க வேண்டும்.

பாண்டவர்கள் யாருக்கும் தெரியாமல் மறைந்து வாழ வேண்டிய பதின்மூன்றாம் ஆண்டு. வில்லுக்கு விஜயன் என்று பெயர் எடுத்த அர்ச்சுனன், பிருகன்னளை என்ற பேடியாக, கை நிறைய வளையலும் பின்னலுமாக விராட மன்னனின் அரண்மனையில் வாழ்கிறான். இளவரசி உத்தரைக்கு நாட்டியம் கற்றுத் தருகிறான். கௌரவர்கள் மாடுகளைக் கவர்ந்து செல்லும்போது வாய்ச்சொல் வீரனான உத்தரகுமாரன் நடுநடுங்குகிறான். பிருகன்னளைதான் தேரைச் செலுத்திக்கொண்டு போய், பிறகு வில்லை எடுத்து, மாடுகளை மீட்டு வருவது. இந்த மாடுபிடி சண்டைக்குத்தான் ஊரே விடிய விடிய விழித்திருக்கும். கைக்குழந்தையோடு பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும், கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கும் பெரியவர்களும் பிருகன்னளையைப் பார்த்துக் கைகூப்புவார்கள்.

பொழுது விடிகிறது. வேடம் கலைகிறது.

அதே ஊரில் ஒரு பையனின் நடையில் கொஞ்சம் நளினம் தெரிந்தால் என்ன நடக்கும்? ஒரு பெண் தன் தோழியோடுதான் வாழ்வேன், மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்? அப்போது சாமியின் பெயர் வேறு விதமாக வரும். "சாமி குத்தம்", "காத்து கருப்பு", "போன ஜென்மத்துப் பாவம்" என்பார்கள். குறி கேட்கப் போவார்கள். மந்திரித்துத் தாயத்து கட்டுவார்கள். வேப்பிலை அடிப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பிசாசை விரட்டும் ஜெபம். முஸ்லிம் குடும்பமாக இருந்தால் ஓதி ஊதுவது. மதம் மாறினாலும் மருந்து ஒன்றுதான்!

வேலூர் வழக்கு சொல்வது என்ன?

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உண்மையல்ல. தர்மபுரியிலிருந்து அதிக தூரமில்லாத வேலூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆட்கொணர்வு வழக்கு 2025ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு பெண் தன் தோழியைக் குடும்பத்தினர் அடைத்து வைத்திருப்பதாகச் சொல்லி வழக்குத் தொடுத்திருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்த 25 வயதுப் பெண்ணிடம் நேரில் பேசினார்கள். தன்னைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுபோனதையும், அடித்ததையும், தன்னைச் "சரியாக்க" சில சடங்குகளைச் செய்ய வைத்ததையும் அவர் சொன்னார்.

இந்தச் சடங்குகள் என்ற சொல்லை வேகமாகக் கடந்து போய்விடக் கூடாது. வளர்ந்து படித்த ஒரு பெண், தான் சிறு வயதிலிருந்து கும்பிட்டு வந்த தெய்வத்தின் பெயராலேயே நோயாளியாக நடத்தப்பட்டார். அடித்தவர்கள் பகைவர்கள் அல்ல. சொந்தக் குடும்பம். மகள் கெட்டுப்போய்விட்டாள் என்று நீதிமன்றத்தில் நின்றவர் பெற்ற தாய். அந்தத் தாயின் பயமும் நிஜமான பயம்தான். ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும், நாளை இவளுக்கு யார் துணை என்று தூக்கம் வராமல் கிடந்திருப்பார். ஆனால் அந்தப் பயத்துக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய மதம், பயத்தின் கையில் ஒரு கோலைக் கொடுத்துவிட்டது.

மே 22 அன்று வந்த தீர்ப்பில் அந்தப் பெண் யாரோடு வேண்டுமானாலும் போகலாம் என்று நீதிபதிகள் விடுவித்தார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றும் எழுதினார்கள். அவருடைய புகாரைச் சரியாகக் கையாளாத காவல்துறையையும் கண்டித்தார்கள். தன் மகன் விக்ரம் சேத்துக்காக வெளிப்படையாகப் பேசிய நீதிபதி லீலா சேத்தைக் குறிப்பிட்டு, எல்லாத் தாய்மார்களும் அவரைப் போல இருந்துவிடுவதில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

எலியும் பூனையும் ஓரணியில்

"இது நம் கலாச்சாரமே இல்லை, மேற்கிலிருந்து வந்தது" என்பது எல்லோரும் சொல்லும் வாதம். மேற்கிலிருந்து வந்தது எது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் மதகுருமார்களின் நீதிமன்றங்கள் பாவம் என்று விசாரித்து வந்ததை, எட்டாம் ஹென்றி மன்னர் 1533இல் மரண தண்டனைக்குரிய அரசாங்கக் குற்றமாக மாற்றினார். அந்த வழியில் வந்த சிந்தனையைத்தான் மெக்காலே தலைமையில் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவாக இங்கே கொண்டுவந்தது. சட்டம் நிறைவேறியது 1860இல். நடைமுறைக்கு வந்தது 1862இல். இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நாமோ வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்தை நம் பண்பாடு என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

2009 ஜூலை 2 அன்று தில்லி உயர்நீதிமன்றம், வயது வந்த இருவர் விருப்பத்தோடு தனிமையில் இருப்பது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. செய்தவர்கள் யார்? முதல் ஆளாக ஒரு ஜோதிடர். அவரோடு அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவச் சபைகளின் கூட்டமைப்புகள், மனுவின் பெயரைத் தாங்கிய ஒரு கட்சி! கோயில், மசூதி, மதமாற்றம் என்று எந்த விஷயத்திலும் ஒரே மேசையில் உட்காராதவர்கள் இதில் மட்டும் ஒரே அணியில் நின்றார்கள். 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மதநல்லிணக்கத்துக்கு இப்படியும் ஓர் உதாரணம் இருக்கிறது என்றால் சிரிப்பதா அழுவதா?

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. இத்தனை காலம் செய்த கொடுமைக்கு வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவே இல்லை. ஒரே பாலினத்தவரின் திருமணத்தை மட்டும் 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம் அங்கீகரிக்க மறுத்து, அதைச் சட்டமன்றங்களின் கையில் விட்டுவிட்டது.

பொய் ஆறுதலும் வேண்டாம்

எதிர்த்தரப்பில் ஒரு தவறு நடப்பதையும் சொல்லியாக வேண்டும். "நம் மதத்தில் இதெல்லாம் முன்பே இருந்தது, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம்" என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். அதுவும் முழு உண்மையல்ல. மனு நூலில் இதற்குப் பிராயச்சித்தமும் தண்டனையும் எழுதியிருக்கிறது. விவிலியத்திலும் இஸ்லாமிய மரபிலும் கண்டிக்கும் பகுதிகள் உண்டு. அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று அந்தந்த மதத்தின் அறிஞர்களே இன்று வாதிடுகிறார்கள்.

பிருகன்னளையும் ஒரு சாபத்தின் விளைவுதான். ஊர்வசி இட்ட சாபம். ஓராண்டு முடிந்ததும் மீண்டும் அர்ச்சுனன். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாளே தாலி அறுத்து அழுகிறார்கள். ஒரு நாள் கல்யாணம், மறுநாள் வெள்ளைப் புடவை. மரபு தந்த இடமே அவ்வளவுதான். அதுவும் திருநங்கைகளுக்கு. ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் அந்த ஒரு நாளும் இல்லை. தன்னை ஆணா பெண்ணா என்று உணர்வது வேறு, யார் மீது அன்பு வருகிறது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி இரு சாராரையும் சேர்த்துக் கேலி செய்வதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

ஆனாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. விராட பருவத்தைக் கும்பிடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் எதையோ தேர்ந்தெடுக்கிறார்கள். கூத்து நடக்கும் இரவில் கதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டில் பிள்ளை வாய் திறக்கும்போது தண்டனையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டி வாங்குவதையும் பொய் சாட்சி சொல்வதையும்கூட நூல்கள் கண்டிக்கின்றன. அதற்காக யாரும் பெற்ற மகனைக் கொட்டும் மழையில் வெளியே தள்ளுவதில்லை. இதற்கு மட்டும் தள்ளுகிறார்கள். அப்படியென்றால் தள்ளுவது நூலா, நாமா?

இரண்டு கதவுகள்

தேர்வை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. சாமி சன்னிதியில் தாலி ஏறியது. மறுத்தது பதிவு அலுவலகம்தான்! வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. பின்னாளில் வேலூர் வழக்கை விசாரித்த அதே ஜி.ஆர்.சுவாமிநாதன்தான் நீதிபதி. இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தார். மகாபாரதத்தையும் அரவானையும் அவர் தீர்ப்பில் துணைக்கு அழைத்தார். அதே புராணம், அதே பக்தி. ஆனால் இந்த முறை அது கதவைத் திறந்தது.

இன்னொன்று 2021இல் நடந்தது. பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கை நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் போய் மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பிறகுதான் ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை "மாற்றுகிறோம்" என்று சிகிச்சை தருவதைத் தடை செய்யச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றும் அதே ஆண்டில் அரசிதழில் வந்தது.

மருத்துவர் செய்தால் ஒழுங்கீனம். சரி, மந்திரிப்பவர் செய்தால்? ஜெபம் செய்து விரட்டுகிறேன் என்பவர் செய்தால்? அவர்கள் எந்த ஆணையத்தின் பட்டியலிலும் இல்லை. அவர்களைத் தேடிப் போவது பெற்றோர். ஆகவே அந்தக் கதவை மூடவேண்டியதும் பெற்றோர்தான். ஒரு நீதிபதியே தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொள்ள முடியுமென்றால், ஒரு பூசாரியாலும் ஒரு பாதிரியாராலும் ஓர் இமாமாலும் அது முடியும். "பிள்ளையை அடிக்காதே, வீட்டில் வைத்துச் சோறு போடு" என்று அவர்கள் சொல்கிற ஒரு வார்த்தைக்கு ஊரில் இருக்கிற மதிப்பு எந்தத் தீர்ப்புக்கும் இல்லை. அதைச் சொல்வதற்கு அவர்கள் எந்த வேத வசனத்தையும் மாற்றி எழுதத் தேவையில்லை.

கூத்து பார்க்க வரும் கூட்டத்தில், யாரிடமும் சொல்லாத ஒரு பிள்ளையும் எங்கோ உட்கார்ந்திருக்கும். பிருகன்னளை அரங்கத்துக்கு வரும்போது மற்றவர்களைவிட அந்தப் பிள்ளை கொஞ்சம் உற்றுப் பார்க்கும். பக்கத்தில் அம்மா கைகூப்புவதையும் பார்க்கும். நாளைக்கு வீட்டில் வாய் திறந்தால் இந்தக் கை கும்பிடுமா, அடிக்குமா என்று அதற்குத் தெரியாது.

மழை வேண்டி விழித்திருக்கும் ஊர், அந்தப் பிள்ளைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும்.