தக்கடியும் பாஸ்தாவும்

தமிழ்த்துறைச் சிறப்பு மலரில் பாஸ்தாவுக்கு என்ன வேலை என்று மூத்த பேராசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். மலர்க்குழுவினர் எம்மிடம் வேண்டியதும் சங்க இலக்கியக் கட்டுரை ஒன்றே. அதனை எழுத அமர்ந்தபோது குறுந்தொகையின் 167ஆம் பாடலைத் தாண்டி எம் எழுதுகோல் நகர மறுத்தது. கூடலூர் கிழார் இயற்றிய அப்பாடலைப் பல்லாண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகிறோம். புதிதாய் மணமான பெண் புளிக்குழம்பு ஆக்குகிறாள். தயிர் பிசைந்த கையைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணை மறைக்கிறது. கணவன் அதனைச் சுவைத்து உண்பது கண்டு அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகிறது. அக்கணவனின் பண்பை வியந்து வியந்து மாணவர்க்கு உரைத்திருக்கிறோம்.

ஒருநாள் இப்பாடலின் பொருளைக் கேட்ட எம் துணைவியார், "அவன் ஒருநாளாவது அடுப்பருகே நின்றானா?" என்று வினவினார். எம் பாடக்குறிப்பேட்டில் இல்லாத வினா அது. யாம் விடை கூறவில்லை. ஏனெனில் யாமும் நின்றதில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் திங்களில் நிற்க நேர்ந்தது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியையான எம் துணைவியார் விடைத்தாள் திருத்தும் பணிக்காக நாள்தோறும் காலையில் சென்று மக்ரிபுக்குப் பின்னரே திரும்பினார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகளுக்கு ஆண்டுத் தேர்வு. எம் உம்மாவுக்கு அகவை எழுபத்தெட்டு. வாப்பாவின் மறைவுக்குப் பின் கடற்கரை ஊரிலிருந்து எம்முடன் வந்து தங்கியவர். காய்ச்சல் ஒன்று கண்டு விலகிய பின் அவருக்கு உணவின்மேல் இருந்த விருப்பமே அற்றுப்போயிற்று. பற்கள் பாதி இல்லை. புரதச் சத்துள்ள மென்மையான உணவாகக் கொடுங்கள் என்றார் மருத்துவர். கஞ்சியைக் கொண்டுபோனால், "வேணாம் வாப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைச்சாப்பாட்டின் காரமோ அவருக்கு ஒவ்வவில்லை. மூன்றாம் நாள் மாலை, அஸர் தொழுதுவிட்டு வந்த எம்மிடம் மகள் ஒரு தாளை நீட்டினாள். "நாளைக்கு எனக்கு அறிவியல் தேர்வு. நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள் வாப்பா. தோழி வீட்டில் சாப்பிட்டேன். உம்மும்மா மெல்ல வேண்டியதே இருக்காது" என்றாள். தாளின் தலைப்பில் 'குக்கர் சிக்கன் பாஸ்தா' என்று எழுதியிருந்தது.

ஆசிரியர் மாணவரானார், மாணவி ஆசிரியரானாள். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு கரண்டி வெண்ணெயை உருக்கி, பொடியாய் நறுக்கிய வெங்காயம் ஒன்றும் பூண்டுப் பற்கள் ஆறும் இட்டு வதக்கினோம். எலும்பு நீக்கிச் சிறு துண்டுகளாக்கிய கோழி 300 கிராம், உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் புரட்டினோம். நீர் ஊற்றியதும் அடியில் ஒட்டியதைக் கரண்டியால் நன்கு சுரண்டிவிட வேண்டுமென்று ஆணை வந்தது, இல்லையேல் அடிப்பிடிக்குமாம். குழல் வடிவப் பாஸ்தா 250 கிராமுக்கு மொத்தம் மூன்று குவளை, அதாவது ஏறத்தாழ 600 மில்லி நீர். மாவுப்பண்டம் நுரைத்துப் பொங்கும் இயல்புடையதாதலால் பாத்திரத்தின் பாதிக்குமேல் நிரப்பலாகாது. பாலையும் கிரீமையும் அப்போதே ஊற்றலாகாது. ஊற்றினால் பொங்கும், அடியில் தீயும், சில வேளை திரிந்தும் போகும். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் வைத்து அணைத்துவிட வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.

அப்பொறுமைதான் எம்மிடம் இல்லை. அணைத்த கையோடு வெயிட்டைத் தூக்கினோம். வெண்ணிற மாவுநீர் சீறிப் பாய்ந்து சுவரையும் எம் சட்டையையும் நனைத்தது. கை சுடாமல் தப்பியது இறைவன் அருள். 1679ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் இக்கருவியின் மூதாதையை உருவாக்கிய பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெனி பப்பேன், ஆவி மிகுந்தால் தானே வெளியேறப் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் அமைத்தார். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்; மூடிய குக்கரின் அழுத்தத்தில் அது 120 பாகை வரை சூடேறும். நேரம் மிச்சமாவது அதனால்தான். அழுத்தம் அடங்குமுன் திறக்க முயல்வோர் எம்மைப்போல் சுவர் துடைக்க நேரிடும். அன்று சுவரைத் துடைத்தபோதுதான், எம் இல்லத்தில் இத்தனை ஆண்டுகளாக அழுத்தம் அனைத்தையும் தாங்கியிருந்தவர் யார், அவருக்கு வால்வாக யார் இருந்தார் என்ற எண்ணம் எழுந்தது.

மூடியைத் திறந்தபோது பாஸ்தா குழைவாக வெந்திருந்தது. இத்தாலியர் வழக்கப்படி நீர் நிறையக் கொதிக்கவைத்து வேகவிட்டு வடிப்பதே இதற்குப் பொதுமுறை. குக்கர் முறையில் வடித்தல் இல்லை. பாஸ்தாவிலிருந்து பிரிந்த மாவுச்சத்து அந்நீரிலேயே தங்கிக் குழம்பைத் தடிப்பாக்குகிறது. 100 மில்லி கிரீமை ஊற்றி, சிறு தீயில் ஒரு நிமிடம் கிளறி இறக்கினோம். தொடங்கியதிலிருந்து சுவர் துடைத்தது உட்பட முக்கால் மணி நேரம். மகளின் கணக்கில் அது அரை மணி நேரச் சமையல்!

கிண்ணத்தில் இட்டு உம்மாவிடம் கொண்டுபோனோம். அயல்நாட்டுப் பண்டம் என்று ஒதுக்குவாரோ என்ற அச்சம் இருந்தது. அச்சம் தேவையற்றது என்பது ஏட்டறிவுக்குத் தெரியும். சிசிலித் தீவில் பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவிழைப் பண்டம் மிகுதியாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பலேறியதை 1154ஆம் ஆண்டில் நிறைவுற்ற தம் புவியியல் நூலில் முஸ்லிம் அறிஞர் அல்-இத்ரீசி குறித்துள்ளார். சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்ததே பாஸ்தா என்பது பலர் கூறும் கதை. அவர் வெனிசு திரும்பிய 1295ஆம் ஆண்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தியது இக்குறிப்பு. ஆயினும் பசியற்ற ஒரு தாயின் முன் வரலாற்றுக் குறிப்பால் ஆவதென்ன? கரண்டியை நீட்டி நின்றோம்.

உம்மா 'பிஸ்மில்லாஹ்' என்று ஒரு வாய் உண்டார். சற்றே நிறுத்தினார். "யார் ஆக்கினது?" என்றார். "நான்தான் உம்மா" என்றோம். ஐயத்தோடு எம் சட்டையைப் பார்த்தார். சட்டை சான்று கூறியது. மீண்டும் ஒரு வாய் உண்டபின் அவர் கேட்ட கேள்வி எம்மைத் திகைக்கவைத்தது.

"வெந்த தண்ணிய வடிக்கலையா?"

"இல்லை உம்மா. அதிலேயே வேகவிட்டேன்."

"அதான் ஆணம் கெட்டியா இருக்கு. நம்ம தக்கடியும் அப்படித்தான். மாவு கொஞ்சம் ஆணத்துல கரையணும்."

தக்கடி எம் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் இல்லங்களின் உணவு. வறுத்த அரிசிமாவோடு தேங்காய்த் துருவலும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, கையால் உருண்டை பிடித்து, கொதிக்கும் கறி ஆணத்தில் இட்டு வேகவைப்பர். உம்மாவின் தக்கடியை உண்டு வளர்ந்தவர்கள் யாம். அஸரில் தொடங்கினால் இஷாவில் தட்டுக்கு வரும். அவர் கைநடுக்கம் கண்டு சமையலை விட்ட பின் எம் இல்லத்தில் தக்கடி இல்லை. செய்முறையை எழுதிவைக்க எண்ணி இருமுறை குறிப்பேட்டோடு சென்று கேட்டதுண்டு. "அதெல்லாம் கைப்பக்குவம், உனக்கெதுக்கு?" என்று சொல்லி முடித்துவிடுவார். மறைப்பதாக எண்ணி வருந்தினோம். மறைத்ததன்று அது, அடுப்பருகே நில்லாதவனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றிரவு கேளாமலே சொன்னார். மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தக்கடி கல்லாகும். கொதிக்கும் ஆணத்தை முகந்து ஊற்றியே பிசைய வேண்டும். உருண்டையில் விரல் பதிய வேண்டும். பதிந்த பள்ளத்தில்தான் ஆணம் தங்கும். இட்டவுடன் கரண்டியால் கிளறலாகாது, கிளறினால் கூழாகும். சொல்லிக்கொண்டே உண்டார். உண்டதை அவரே உணரவில்லை போலும்! கிண்ணம் பாதிக்குமேல் காலியாயிருந்தது. காய்ச்சலுக்குப் பின் அவர் அவ்வளவு உண்டது அன்றுதான்.

பணி முடித்துக் களைத்து வந்த துணைவியார் சுவரைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அமர்ந்து உண்டார். உண்டபின், "உப்புச் சற்றுக் குறைவு. ஆனாலும் இன்று வீட்டுக்கு வரும்போது, இனிப் போய் என்ன சமைப்பது என்று எண்ணிக்கொண்டே வரும் கவலை இல்லாமல் வந்திருக்கலாமே, முன்பே சொல்லியிருந்தால்" என்றார். பாராட்டை எதிர்பார்த்திருந்த எமக்கு அச்சொல் தைத்தது. அவர் மிச்சப்படுத்த விரும்பியது அரைமணிச் சமையலை மட்டுமன்று. பேருந்தில் வரும் ஒருமணிக் கவலையையும்தான். விடைத்தாள் பணி முடியும்வரை எஞ்சிய நாள்களில் இரவுணவு எம் பொறுப்பாயிற்று. பணி முடிந்த பின்னும் வாரம் இருநாள் அப்படியே நீடிக்கிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தார்க்குப் பணிபுரிந்து வந்தார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை எத்தனையோ ஜும்ஆ உரைகளில் செவிமடுத்திருக்கிறோம். செவியோடு நின்ற செய்தி கைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

மறுவாரம் தக்கடி ஆக்கினோம். உம்மா நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தார். முதல் ஈடு கரைந்து கூழாயிற்று. "பாஸ்தாவுக்கே போ வாப்பா" என்று அவர் சிரித்தார். இரண்டாம் ஈடு உருண்டையாகவே நின்றது. செய்முறை இப்போது எம் குறிப்பேட்டில் இருக்கிறது. எனினும் குறிப்பேட்டைக் காட்டிலும் விரல்களே அதனை நன்கு நினைவில் வைத்திருக்கின்றன.

விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவச் செல்வங்களே! உங்கள் தாயாரிடமும் பாட்டிமாரிடமும் பழஞ்செய்திகளைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று ஆய்வுப்பணி கொடுப்பது எம் வழக்கம். இவ்வாண்டு ஒரு சொல் சேர்த்துக் கூறுகிறோம். கேட்பதற்கு முன் ஒருவேளை உணவை நீங்களே ஆக்கி அவர்கள் முன் வையுங்கள். எளிய பாஸ்தாவாயினும் சரியே. அதன்பின் அவர்களே பேசத் தொடங்குவர்.

குறுந்தொகைக் கட்டுரையை அடுத்த மலருக்குத் தருவோம், இன்ஷா அல்லாஹ். துணைவியாரின் வினாவோடு அதனைத் தொடங்க எண்ணம்.