மானாமதுரைச் சக்கரமும் எகிப்திய ரொட்டியும்

புராதன நாகரிகங்களைப் பற்றிச் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முற்படும் உபாத்தியாயர்கள் பெரும்பாலும் அரசர்களையும் கோட்டைகளையும் கொண்டே ஆரம்பிக்க, சிவகங்கை மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மட்டும் அடுப்பங்கரையிலிருந்து ஆரம்பித்தார். எந்தத் தேசத்து ஜனங்கள் எதை உண்டார்கள், அதை எந்தப் பாத்திரத்தில் ஆக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால் அவர்கள் வாழ்ந்த வாழ்வில் பாதி விளங்கிவிடும் என்பது அந்த அம்மையாரின் அபிப்பிராயம். அதற்காகவே, காலையில் கீழடி அருங்காட்சியகத்தையும் பிற்பகலில் மானாமதுரைக் குயவர் தெருவையும் காட்டுவதற்கு அவர் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, அவருடைய அனுமதியின் பேரில் நானும் உடன் சென்றேன்.

புறப்படுவதற்கு முன்பே வகுப்பில் ஓர் அட்டவணை தயாராகியிருந்தது. அரசின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து பள்ளியிலேயே கிடைக்கும் உப்புமாவையும் கிச்சடியையும், வீட்டில் உண்ணும் குழம்பையும் கூழையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் சேரும் ஒவ்வொரு பதார்த்தமும் ஆதியில் எங்கே விளைந்தது என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ரவைக்குரிய கோதுமை மேற்கு ஆசியாவிலும், கேழ்வரகும் கம்பும் ஆப்பிரிக்காவிலும் முதன்முதலாகப் பயிராயின. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, பப்பாளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தின் சொத்து. போர்த்துக்கீசியர் முதலியோரின் கப்பல்கள் வந்த பிறகுதான் அவை நம் நாட்டுத் தோட்டங்களில் வேரூன்றின. மிளகும் துவரையும் மாம்பழமும் பாரத பூமிக்கே உரியவை. இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, "மெளகாயும் தக்காளியும் இல்லாம கீழடிக்காரங்க எப்படி டீச்சர் கொழம்பு வச்சாங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சரித்திரப் புத்தகங்கள் பலவற்றில் நான் காணாத, ஆனால் சரித்திரத்தின் மையத்தையே தொடுகிற கேள்வி அது. "காரத்துக்கு மிளகு இருந்தது, இஞ்சி இருந்தது, மீதியைப் பானையிடம் போய்க் கேட்போம்" என்றார் ஆசிரியை.

கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் கிடைத்த கரிமாதிரி ஒன்று கி.மு. 580ஆம் ஆண்டளவிலானது என்று கணிக்கப்பட்டதும், அங்கே வெளிப்பட்ட விலங்கு எலும்புகளில் மாடு, எருமை, ஆடு முதலியவற்றுடன் மான் வகைகளும் காட்டுப்பன்றியும் இருந்ததும் பலரும் அறிந்த செய்திகளே. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அகழாய்வுப் பொருள்களைப் பிள்ளைகள் கண்டார்கள். உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருக்கும் கலங்களின் முன்னால் அவர்கள் வெகுநேரம் நின்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொருளைத் தொட இயலாதென்ற ஏக்கம் அந்த முகங்களில் நன்றாகத் தெரிந்தது.

அந்த ஏக்கத்தை மானாமதுரை தீர்த்து வைத்தது. வைகைக் கரையில் அமைந்த அவ்வூரில், சுற்றுப்புறக் கண்மாய்களின் மண்ணைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பாண்டம் வனைந்து வருகிறார்கள். சங்கீத வித்துவான்கள் விரும்பி வாங்கும் கனமான கடங்களும் இங்கேதான் உருவாகின்றன. 2023இல் இவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்களை வரவேற்ற முதிய வேளார், முந்தின நாளே ஊறவைத்துக் கல்லும் வேரும் பொறுக்கி, மணல் கலந்து காலால் மிதித்துப் பதப்படுத்திய மண்ணை ஒரு பெரிய உருண்டையாகச் சக்கரத்தின் நடுவில் வைத்தார். இப்போது அநேக வீடுகளில் சக்கரத்தை மின்விசை சுழற்றுகிறது. பிள்ளைகளுக்காக அவர் பழைய பெருஞ்சக்கரத்தையே கோலால் சுழற்றிக் காட்டினார்.

முதலில் பானையின் வாய் பிறந்தது, பிறகு கழுத்து, அதன்பின் தோள். அடிப்பாகம் வரும் வரும் என்று பிள்ளைகள் காத்திருக்க, அவர் ஒரு நூலை ஈர மண்ணில் ஓட்டி அறுத்து, அடியே இல்லாத பானையைத் தூக்கிக் காட்டியபோது எழுந்த ஆரவாரத்தை என்னால் வர்ணிக்க முடியாது. சற்று உலர்ந்திருந்த வேறொரு பானையை அவர் மனைவி மடியில் வைத்துக்கொண்டார். இடக்கையால் உள்ளே ஓர் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்து, வலக்கையிலிருந்த பலகையால் வெளியே சீராகத் தட்டத் தட்ட, தடித்திருந்த மண் மெலிந்து விரிந்து கீழ்நோக்கி இறங்கி, திறந்திருந்த அடி மெல்ல மெல்லக் குறுகி மூடிக்கொண்டது. கல்லும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்கத் தவறினால் மண் கிழியும். கல்லோ கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் இருக்கிறது. அந்த அம்மாள் பானையைப் பாராமலே, சுற்றி நின்ற பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே தட்டினார். இப்படித் தட்டி மெலிந்த அடிதான் நெருப்பின் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு சோற்றை வேகவைக்கிறது என்பதையும், புதுப் பானையை ஊறவைத்து வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழக்கிய பிறகே சமைக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்ல, இரண்டு பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கீழடிக் கலத்தின் படத்தை ஆசிரியை காட்டி, உள்ளே மட்டும் கறுத்திருப்பதன் காரணத்தைக் கேட்டார். வேளார் யோசிக்கவே இல்லை. "கவுத்து வச்சுச் சுட்டிருப்பாக, தாயி. உள்ளே காத்துப் போகலேன்னா கறுத்துத்தான் போகும்" என்றார். ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகக் கூறிவரும் விளக்கமும் பெரும்பாலும் இதுவே. பின்பு அவர் எங்களைச் சூளையருகே அழைத்துச் சென்று, வைக்கோல் பரப்பி மேலே சேறு பூசி மூடும் விதத்தையும், புகை போகச் சிறு துவாரங்கள் விடும் இடங்களையும் காட்டினார்.

ஆசிரியை மற்றொரு படமும் கொண்டுவந்திருந்தார். எகிப்து தேசத்தில் கீஸா பிரமிடுகளுக்கு அருகே 1991இல் மார்க் லேனர் என்னும் அறிஞரின் குழுவினர் ஒரு பழைய ரொட்டிச் சாலையைத் தோண்டியெடுத்தார்கள். கி.மு. 2500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பிரமிடு கட்டிய உழைப்பாளிகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த அந்த இடத்தில், மணி போன்ற வடிவமுள்ள தடித்த மட்கலங்கள் கிடைத்தன. இது எதற்கு உதவியிருக்கும் என்று கேட்டதும், வேளார் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இம்புட்டுக் கனமா இருக்குன்னா அடுப்புல வைக்கிறது இல்ல, முதல்லயே சூடாக்கிட்டு அப்புறம் எதையோ உள்ள ஊத்தியிருக்கணும். கனமான மண்ணுதான் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும்" என்றார். நான் பிரமித்துப் போனேன். கலங்களைக் கவிழ்த்து அடுக்கி நெருப்பில் காய்ச்சி, கோதுமை மாவும் வாற்கோதுமை மாவும் கரைத்த கலவையை அவற்றில் வார்த்து, மேலே வேறொரு சூடான கலத்தைக் கவிழ்த்து, கனலும் சாம்பலும் நிறைந்த குழியில் வைத்து எகிப்தியர் ரொட்டி சுட்டார்கள் என்பதை அறிஞர்கள் கல்லறைச் சித்திரங்களாலும் பரீட்சைகளாலும் நிலைநாட்டியிருக்கிறார்கள். எழுத்து வாசனை அதிகமில்லாத இந்த மனிதருக்கோ தம் கையின் அனுபவமே அதைச் சொல்லிவிட்டது. ஒரு பையன் கேட்டுக்கொண்டதற்காக, அவ்விதமான சிறு கலமொன்றை அப்போதே வனைந்தும் கொடுத்தார்.

ஆசிரியை அத்துடன் நிறுத்தாமல், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலர் என்னும் தொல்லியலாளர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது முதலியவை வந்த சாடிகளின் துண்டுகள் கிடைத்ததையும், எகிப்தின் பெரனிகே துறைமுகத்துக் கோயிலொன்றில் இந்தியச் சாடி ஒன்றினுள் ஏழு கிலோவுக்கும் அதிகமான மிளகு இருந்ததையும் சொன்னார். மிளகு தின்று முடிந்தாலும் சாடி சாட்சியாக நிற்கும் என்று பிள்ளைகளுக்கு அப்போது நன்கு விளங்கியது.

இவ்வளவும் கற்பித்த அந்தத் தம்பதியரின் ஜீவனம் எளிதானதன்று. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்த பின் சமையல் பானைக்கு இருந்த கிராக்கி குன்றிப்போயிற்று. மழைக்காலத்தில் சூளை எரியாது. கண்மாயில் மண் எடுப்பதற்கு அனுமதி பெறுவதே ஒரு பெரும்பாடாக இருந்து, 2024இல்தான் வட்டாட்சியரே விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளருக்கும் அனுமதி வழங்கலாம் என்று அரசு வழி செய்தது. தம் பிள்ளைகள் வெளியூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று வேளார் சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மாள் எதுவும் பேசவில்லை. நம்முடைய கல்விமுறை, பட்டம் பெற்றவரின் ஒரு மணி நேரத்துக்கு விலை வைத்திருக்கிறது. மண்ணை அறிந்தவரின் அரை நாளுக்கு வைக்கவில்லை. இது அநியாயம் என்பதே என் முடிவு. அந்த ஆசிரியை தம் சொந்தப் பணத்திலிருந்து வேளாருக்கு ஊதியம் கொடுத்தார். பள்ளியின் செலவுக் கணக்கில் அதற்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

ஆகையால், உலக உணவுகளையும் பழைய நாகரிகங்களையும் பற்றிப் பாடம் நடத்தப்போகும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் ஊருக்கு அருகில் சக்கரம் சுழலும் வீடு ஒன்று இன்னும் இருக்குமானால், தை பிறந்து வெயில் ஏறியபின் ஒரு நாள், முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள், குயவர் செலவிடும் நேரத்துக்குரிய கூலியைத் தவறாமல் கொடுங்கள், திரும்பும்போது வகுப்புக்கென்று ஒரு சோற்றுப் பானையும் விலைக்கு வாங்கி வாருங்கள்.