பார்க்குக்குப் போயிருந்தேம்மா

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வைக்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி பிடுங்கவே நேரம் சரியா இருந்துச்சு. போன சனிக்கிழமை எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு சூசியா தீவுக்குப் போய்ட்டு வந்தேன்.

வாஷிங்டன் மாநிலத்தோட வடமேற்கு மூலையில, கனடா எல்லையை ஒட்டி, சான் வான் தீவுகள்னு ஒரு கூட்டம் இருக்கு. அதுல ஓர்காஸ் தீவுக்கு வடக்கே ரெண்டரை மைல் தள்ளி இருக்கறதுதான் சூசியா. பாலம் கிடையாது, ஃபெரி கிடையாது. ஒண்ணு சொந்தமா படகு வேணும், இல்ல படகு வச்சிருக்கற யாரையாவது தெரிஞ்சிருக்கணும். எனக்கு ரெண்டாவது வகையில அதிர்ஷ்டம். எங்க டீம்ல இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர், "சனிக்கிழமை சும்மாதானே இருப்பே, வா"ன்னு கூப்பிட்டார். கூடவே என் ரூம்மேட்டும் தொத்திக்கிட்டான்.

இங்கதான் நம்ம மூளை வேலை செய்ய ஆரம்பிச்சது. கடலுக்குப் போறோம், தண்ணி எப்ப ஏறும் எப்ப இறங்கும்னு தெரிய வேண்டாமா? அமெரிக்க அரசோட நோவா நிறுவனம் அந்தக் கணக்கையெல்லாம் ஏ.பி.ஐ.யாவே குடுக்குது. வெள்ளிக்கிழமை ராத்திரி உக்காந்து முப்பது வரி பைத்தான் எழுதி, அழகா ஒரு கிராஃப் போட்டு ஃபோன்ல ஏத்திக்கிட்டேன். ரூம்மேட் கிட்ட ரெண்டு தடவை காட்டினேன். அவன் ரெண்டு தடவையும் கொட்டாவி விட்டான்.

காலையில ஏழு மணிக்கு பெல்லிங்ஹாம்ல இருந்து கிளம்பினோம். பெரியவரோட படகு மெதுவான படகு, கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆச்சு. அந்த மூணு மணி நேரத்தைப் பத்திக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. கண்ணாடி மாதிரி தண்ணி, பின்னாடி பேக்கர் மலை தலை நிறைய பனியோட, நடுநடுவுல ஒரு சீல் தலையைத் தூக்கி நம்மளை ஒரு பார்வை பாத்துட்டு முங்கிடும். ஸ்பெயின்காரங்க 1791ல இந்தப் பக்கம் வந்தப்ப வச்ச பேராம் சூசியா. அப்படின்னா 'அழுக்கு'ன்னு அர்த்தம். தீவைச் சுத்தி தண்ணிக்கடியில பாறை அதிகம், கப்பலுக்கு ஆகாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. இவ்வளவு அழகான இடத்துக்கு இப்படி ஒரு பேரு!

எக்கோ பேங்கற பெரிய குடாவுல படகை மிதவையில கட்டினோம். பெரியவர் கொஞ்ச நேரம் தூங்கணும்னார். பின்னாடி கட்டியிருந்த ரப்பர் டிங்கியை எங்க கிட்ட குடுத்து, "கரையில விட்டா பெயின்டரைக் கட்டிடு"ன்னார். நான் பெயின்ட் அடிக்கிற ஆளைத் தேடினேன். டிங்கியோட மூக்குல இருக்கற கயித்துக்குப் பேருதான் பெயின்டராம். அஞ்சு வருஷம் இங்க்லீஷ்ல குப்பை கொட்டி என்ன பிரயோஜனம்.

டிங்கி ஓட்டறது ஒரு தனி சுகம். பெரிய படகு போக முடியாத இடுக்கெல்லாம் போகலாம். தண்ணிக்கு அடியில கெல்ப்னு சொல்ற கடற்பாசி, பாம்பு மாதிரி நீளமா ஆடிக்கிட்டு இருக்கு. இஞ்சினை நிறுத்திட்டு துடுப்பு போட்டா, பத்தடிக்குக் கீழ இருக்கற நட்சத்திர மீன் வரைக்கும் தெரியுது. ஒரு மணி நேரம் சுத்திட்டு, 12:15க்கு குடாவோட உள் முனையில இருக்கற கூழாங்கல் கரையில இறங்கினோம்.

ஃபோனைப் பாத்தேன். 12:10க்கு உச்ச ஏற்றம். அதாவது, இனிமே தண்ணி இறங்க மட்டும்தான் செய்யும். டிங்கியை நாலடி மேல இழுத்துப் போட்டேன். "கட்ட வேணாமாடா?"ன்னான் ரூம்மேட். "மாப்ள, தண்ணி இனிமே பின்னாடிதான் போகும். சயின்ஸ்டா." லைஃப் ஜாக்கெட்டையும் கழட்டி டிங்கிக்குள்ளயே போட்டோம்.

அந்த இடத்துல தீவு ரொம்பக் குறுகல். சும்மா நடந்தா அந்தப் பக்கம் ஷாலோ பே வந்துடும். அங்க மணற்பாறையை உப்பும் காத்தும் அரிச்சு அரிச்சு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஆக்கி வச்சிருக்கு. உள்ள போய் உக்காரலாம் போல குகைகள். வாஷிங்டன் மாநிலத்துல முதன்முதலா கிடைச்ச டைனோசர் எலும்பும் 2012ல இந்தத் தீவுலதான் கிடைச்சதாம், எட்டு கோடி வருஷத்துத் தொடை எலும்பு. ஆளுக்கு நாப்பது போட்டோ எடுத்துக்கிட்டு 1:05க்குத் திரும்பினோம்.

டிங்கி கரையில இல்ல. முப்பது மீட்டர் தள்ளி, காத்துல மெதுவா ஆடிக்கிட்டே நடுக் குடாவைப் பாத்துப் போய்க்கிட்டிருந்தது.

எங்க ஊர் கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவன் நான். முப்பது மீட்டர் எல்லாம் ஒரு தூரமா? சட்டையோட இறங்கிட்டேன். கோடையிலயும் அந்தத் தண்ணி பத்து, பதினொரு டிகிரிதான். முழங்கால் வரைக்கும் வலி. இடுப்புக்கு வந்ததும் வலி இல்ல, மூச்சு. நான் இழுக்காமலே மூச்சு உள்ள போகுது, படபடன்னு, நிறுத்த முடியல. இன்னும் ரெண்டடி வச்சு நீந்திடலாம்னுதான் அப்பவும் நினைச்சேன். பின்னாடி இருந்து ரூம்மேட் என் காலரைப் பிடிச்சு இழுத்தான். நீச்சலே தெரியாதவன், தொடை வரைக்கும் இறங்கி வந்திருந்தான். "போனா போகுதுடா, ரப்பர்டா அது!" அவன் குரல் அப்படி உடைஞ்சு நான் கேட்டதே இல்ல. தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது அந்த மூச்சு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ராத்திரி படுத்தப்பதான் யோசிச்சேன்.

கயாக்ல போன ஒரு அம்மா டிங்கியைக் கட்டி இழுத்துட்டு வந்து குடுத்தாங்க. என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லல. அதுவே போதுமா இருந்துச்சு.

பெரியவர் கிட்ட மறைக்கலாம்னு ரூம்மேட் சொன்னான். தொப்பலா நனைஞ்ச பேண்ட்டை எப்படி மறைக்கறது? முழுசா சொன்னேன், கிராஃபையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "இது ஸ்டாண்டர்ட் டைம். இப்ப கோடை, ஒரு மணி நேரம் கூட்டணும்"னார். ஏ.பி.ஐ.ல நேரத்துக்கு எல்.எஸ்.டி.ன்னு குடுத்திருந்தேன் (போதை மருந்து இல்லைங்க). கோடை நேரத்துக்கு வேற மதிப்பு குடுக்கணும். உச்ச ஏற்றம் 12:10 இல்ல, 1:10.

அப்புறம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ இறங்கினப்ப, தண்ணிக்கு மேல இருந்த கல்லு ஈரமா இருந்துச்சா, காஞ்சு இருந்துச்சா?"

காஞ்சுதான் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு, உக்காந்து ஷூ லேஸ் கட்டினேன். தண்ணி இறங்கிக்கிட்டு இருந்தா அந்தக் கல்லு ஈரமால்ல இருக்கணும்.

அவர் அதுக்கு மேல எதுவும் சொல்லல. ஒரு பழைய ஸ்வெட்டரும் சூடா சூப்பும் குடுத்தார். திரும்பி வர்றப்ப ரூம்மேட் படகோட முன்னாடி போய் உக்காந்துக்கிட்டான், பெல்லிங்ஹாம் வர்ற வரைக்கும் என்கூடப் பேசல. சீல் ரெண்டு வந்துச்சு. காட்டினேன். திரும்பிப் பாக்கல.

ராத்திரி அம்மா ஃபோன். "என்னடா, காலையில இருந்து ஆளையே காணோம்?"

"பார்க்குக்குப் போயிருந்தேம்மா."

பொய் இல்ல. சூசியா ஸ்டேட் பார்க்தான்.

டிஸ்கி: அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்க. அக்கா படிப்பா. அக்கா, ப்ளீஸ்.