வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்!

சேத்துப்பட்டில் எங்களுடையது ஆரணிப் பட்டு நெய்கிற வீடு. ஒரு தறியில் என் கணவர், இன்னொன்றில் அவருடைய அண்ணன். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா தன் மார்பிலிருந்த கட்டியை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, "வலிக்கவே இல்லையேடி! இதைப்போய் யார்கிட்டே சொல்றது?" என்றார். டாக்டரிடம் போனபோது அக்குள்வரை பரவிவிட்டிருந்தது. அடுத்த தீபாவளிக்கு அக்கா இல்லை.

அதன்பின் ஒருநாள் நர்ஸம்மா வீடு தேடி வந்தார். "முப்பது வயசு தாண்டினவங்க எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. மார்பைப் பரிசோதிக்கணும். காசு வேண்டாம்" என்றார். நான் கூச்சத்தில் நெளிந்தேன்.

"ஏம்மா, பாவு பிணைக்கும்போது இழையை விரலாலேயே கண்டுபிடிக்கிறீங்க. இதுவும் விரல் வேலைதான்" என்றார்.

போனேன். திரைக்குப் பின்னால் சில நிமிஷம்தான். வலப்பக்கம் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. எனக்கு உயிரே நின்றது!

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. கடைசியில், அது புற்று இல்லாத சாதாரணக் கட்டி. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தானாம். ஆனால் எது எப்படி என்று சோதித்தால்தானே தெரியும்?

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998-ல் தொடங்கி, 35 முதல் 64 வயதுவரை உள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கவனித்து வந்தார்கள். அதில் பாதிப்பேருக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையாலேயே மார்பைப் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றால் நேரும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்ததாம்!

ஐபிரெஸ்ட் எக்ஸாம் என்று கையடக்கக் கருவி ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. மார்பின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால், கடினமான இடத்தைக் காட்டிவிடும். எக்ஸ்ரே கதிர் கிடையாது. பையில் போட்டு எந்தக் கிராமத்துக்கும் கொண்டுபோகலாம். ஆனால் கருவியானாலும் கையானாலும், சந்தேகத்தைத்தான் சொல்லும். நோய்தானா என்று உறுதிசெய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

சகோதரிகளே, கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் ரத்தக் கசிவோ கண்டால் வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். அக்கா காத்திருந்தார். அவர் உட்கார்ந்து பாவு பிணைத்த இடத்தில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.